ஓடுகிற கிளஸ்டரில் நோடு மாற்றுவது: கேட்டதும் சொன்னதும்

பல கணினிகளில் (நோடுகளில்) செயலிகளை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள் கியூபர்னெட்டீஸ்; அந்தக் கணினிகளின் கூட்டம்தான் கிளஸ்டர். அதைச் சேவை நிற்காமல் புதுப் பதிப்புக்கு ஏற்றுவது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, எங்களுடையது மூன்றே நோடு உள்ள சின்ன கிளஸ்டர். எந்த வரிசையில் போக வேண்டும்?

முதலில் கிளஸ்டரை ஆளும் கன்ட்ரோல் பிளேன், அப்புறம்தான் மற்ற நோடுகள். நோடில் ஓடும் குபெலெட் என்ற முகவர், கன்ட்ரோல் பிளேனில் கட்டளைகளை வாங்கும் ஏபிஐ சர்வரைவிடப் புதியதாக இருக்கவே கூடாது. பழையதாக இருக்கலாம்; 1.28 முதல் மூன்று மைனர் பதிப்பு வரை பின்தங்கியிருக்க அனுமதி உண்டு. கன்ட்ரோல் பிளேனுக்கு அந்தச் சலுகை இல்லை. 1.29-இல் இருந்து 1.31-க்குத் தாவ முடியாது, நடுவில் 1.30-இல் கால் வைத்துத்தான் ஏற வேண்டும்.

ஒவ்வொரு நோடிலும் கார்டன், டிரெயின், அப்கிரேடு, அன்கார்டன். கார்டன் என்பது வாசலைச் சாத்துவது, புது பாட் (செயலியின் கன்டெய்னரைச் சுமக்கும் சிறு அலகு) உள்ளே வராது. டிரெயின் என்பது உள்ளே இருப்பவர்களை வெளியே அனுப்புவது. அன்கார்டன் என்பது சாத்திய வாசலைத் திறப்பது.

ஆனால் அதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். மூன்று நோடும் தலா 70 சதவீதம் நிரம்பியிருந்தால், ஒன்றைக் காலி செய்யும்போது அந்த 70 மற்ற இரண்டுக்கும் 35, 35 ஆகப் பிரியும். 105 ஆகிவிட்டதா? சில பாட்கள் இடமில்லாமல் பெண்டிங்கில் நிற்கும். எனவே முதலில் நான்காவது நோடு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள். கிளவுடில் இரண்டு மணி நேர வாடகை, அவ்வளவுதான்.

டிரெயின் கொடுத்து ஒரு மணி நேரமாகிறது, முடியவே இல்லை. தொங்கிவிட்டதா?

தொங்கவில்லை, உங்கள் சொல்லைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. திரையில் 5 விநாடிக்கு ஒருமுறை ஒரே வரி வருகிறதா, பட்ஜெட்டை மீறும், இந்த பாடை வெளியேற்ற முடியாது என்று? அந்தச் சேவைக்கு ரெப்ளிகா (ஓடும் பாட் நகல்) ஒன்றுதான் இருக்கும். கூடவே யாரோ ஒரு புண்ணியவான் 'எப்போதும் ஒன்றாவது உயிரோடு இருக்க வேண்டும்' என்று பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட்டும் எழுதி வைத்திருப்பார். இருப்பதே ஒன்று, அதையும் தொடக் கூடாது என்றால் டிரெயின் என்ன செய்யும்? ரெப்ளிகாவை இரண்டாக்குங்கள். இரண்டாவது ரெடி ஆனதும் தானாக நகரும்.

பொறுமை போய் அந்த பாடை நேரடியாக டெலீட் செய்யாதீர்கள். டெலீட்டுக்கு பட்ஜெட் ஒரு பொருட்டே இல்லை, வெளியேற்றும் ஏபிஐ மட்டும்தான் அதை மதிக்கும். நான் ஒருமுறை செய்திருக்கிறேன். புது பாட் இமேஜை இழுத்து எழுந்து நிற்க நான்கு நிமிடம் ஆனது. அந்த நான்கு நிமிடமும் லாகின் பக்கமே கிடையாது.

டிரெயின் ஒழுங்காக முடிகிறது, ரெப்ளிகாவும் மூன்று. ஆனாலும் ஒவ்வொரு முறையும் சில விநாடி 502 பிழை வருகிறது. ஏன் சார்?

நான் எதிர்பார்த்த கேள்வி. இதற்குக் காரணம் பெரும்பாலும் பாட் எப்படி விடைபெறுகிறது என்பதுதான்.

பாடை அனுப்பும்போது இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. ஒன்று, கன்டெய்னருக்கு 'முடித்துக்கொள்' என்று சொல்லும் சிக்டெர்ம் சிக்னல் போகிறது. மற்றொன்று, 'இந்த முகவரிக்கு இனி ஆள் அனுப்பாதே' என்ற செய்தி எல்லா நோடுக்கும் லோடு பேலன்சருக்கும் போகிறது. முதலாவது உடனே சேர்ந்துவிடும், இரண்டாவது பரவச் சில விநாடி ஆகும். அந்த இடைவெளியில் உங்கள் செயலி சமர்த்தாகக் கடையைச் சாத்திவிட்டது. ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அதுதான் 502.

மருந்து எளிது: கன்டெய்னரை நிறுத்தும் முன் ஓடும் பிரீஸ்டாப்பில் பத்து விநாடித் தூக்கம். சிக்டெர்ம் அந்தப் பத்து விநாடிக்குப் பிறகுதான் போகும், அதற்குள் செய்தி பரவிவிடும். ஒன்றை மறக்காதீர்கள், இந்தத் தூக்கமும் பாட் விடைபெறத் தரப்படும் அவகாசக் கணக்கில்தான் சேரும். அவகாசம் இயல்பாக 30 விநாடி. பாதியில் இருக்கும் ஒரு ரிப்போர்ட்டை உங்கள் செயலி முடிக்க 25 விநாடி ஆகும் என்றால் பத்தும் இருபத்தைந்தும் முப்பத்தைந்து, கடைசி ஐந்து விநாடியை, கட்டாயமாக நிறுத்தும் சிக்கில் சிக்னல் வந்து வெட்டிவிடும். அவகாசத்தை 60 ஆக்குங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். கன்டெய்னர் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டில் தொடங்கி, அதன் கடைசி வரியில் செயலியை 'எக்ஸெக்' (ஷெல்லின் இடத்தைச் செயலிக்கே கொடுக்கும் கட்டளை) இல்லாமல் அழைக்கிறதா? அப்படியானால் சிக்டெர்ம் ஷெல்லோடு நின்றுவிடும், செயலியின் காதுக்கே போகாது. ஒவ்வொரு பாடும் சாக முழுதாக 30 விநாடி எடுத்துக்கொண்டால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன்.

ரெப்ளிகா இரண்டும் ஒரே நோடில் உட்கார்ந்திருந்தால்?

பட்ஜெட் இல்லையென்றால் இரண்டும் ஒன்றாகவே போய்விடும். இருந்தால் ஒன்று போய், வேறு நோடில் ரெடி ஆன பிறகுதான் அடுத்தது. பாட் தயாரா என்று பார்க்கும் ரெடினெஸ் சோதனை பொய் சொல்லாத வரைக்கும் இது சரிவரும்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸையும் கிளஸ்டருக்குள்தான் வைத்திருக்கிறோம். திட்டாதீர்கள்.

திட்டவில்லை. டேட்டாபேஸின் முதன்மைப் பிரதியான பிரைமரி இருக்கும் நோடைக் கடைசிக்கு விடுங்கள். அதன் முறை வரும்போது டிரெயினுக்கு முன் நீங்களே கையால் ஸ்விட்ச்ஓவர் செய்து, வேறு நோடில் உள்ள பிரதியைப் பிரைமரி ஆக்கிவிடுங்கள். அமேசானில் என்றால் இபிஎஸ் டிஸ்க் அதன் அவெய்லபிலிட்டி ஸோனை (தனி டேட்டாசென்டர் பகுதியை) விட்டு நகராது. புது நோடும் அதே ஸோனில் இல்லாவிட்டால் பாட் பெண்டிங்தான்.

ஒழுங்காக ஓடுவதை ஏன் தொட வேண்டும் என்கிறார் மேலாளர்.

ஆண்டுக்கு மூன்று பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் பேட்ச் கிடைப்பது ஏறத்தாழ 14 மாதம். தள்ளிப்போட்டால் ஒரே வாரத்தில் நான்கு படி ஏற வேண்டி வரும், அதை அவரிடம் சொல்லுங்கள்.

நோடெல்லாம் பத்திரமாக மாறியும் மொத்தமாகக் கவிழ வாய்ப்புண்டா?

உண்டு. 2023 மார்ச் 14 அன்று ரெடிட் 314 நிமிடம் படுத்தது. 1.23-இல் இருந்து 1.24-க்கு ஏற்றியிருந்தார்கள். கன்ட்ரோல் பிளேன் நோடுகளில் இருந்த 'மாஸ்டர்' என்ற லேபிளை 1.24 எடுத்துவிட்டது. அவர்களுடைய காலிகோ என்ற நெட்வொர்க் மென்பொருள், வழிகாட்டும் நோடுகளை அந்த லேபிளை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டிருந்தது. லேபிள் போனதும் வழியும் போனது. கடைசியில் பேக்கப்பிலிருந்துதான் மீட்டார்கள். கன்ட்ரோல் பிளேனைப் பின்னோக்கி இறக்க முறையான வழி கிடையாது. அதனால் கிளஸ்டரின் நிலையைச் சேமிக்கும் எட்சிடியின் ஸ்னாப்ஷாட் எடுத்து, அதை ஒரு சோதனைக் கிளஸ்டரில் ரீஸ்டோர் செய்தும் பாருங்கள்.

நீக்கப்பட்ட ஏபிஐகளும் இதே ரகம். வெளியிலிருந்து வருபவர்களுக்கு வழி சொல்லும் இன்கிரெஸின் பழைய பீட்டா ஏபிஐ 1.22-இல் போனது, பாட் செக்யூரிட்டி பாலிசி 1.25-இல். வெளியீட்டுக் குறிப்பைப் படிக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

அண்ணா, டிரெயின் தொங்குகிறது என்று கேட்டது நான்தான். ரெப்ளிகாவை இரண்டாக்கினேன், ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது, அப்கிரேடும் ஆயிற்று. ஆனால் அந்த நோடில் ஒரு பாட்கூட வந்து உட்காரவில்லையே?

அன்கார்டன் போட்டீர்களா தம்பி?