அனிமே, வீடியோ கேம் நாயகர்களின் வாள் ஏன் ஆளை விடப் பெரிதாக இருக்கிறது? நிஜத்தில் அதைத் தூக்க முடியுமா?

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். தூக்கலாம், வீச முடியாது. ஃபைனல் ஃபேன்டசி 7 என்ற வீடியோ கேமில் நாயகன் கிளவுட் முதுகில் சுமக்கும் பஸ்டர் சோர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அலகு ஒன்றரை மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலம், ஒன்றரை செ.மீ. தடிமன் என்று வைத்து இரும்பின் எடையைக் கணக்குப் போட்டால் 50 கிலோவைத் தாண்டுகிறது. சாமுராய்களின் வாளான நிஜக் கட்டானா ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோதான் இருக்கும். ஐரோப்பாவில் இரு கையால் பிடித்துச் சண்டையிட்ட பெரிய போர்வாள்கள்கூடப் பெரும்பாலும் மூன்று கிலோ பக்கம்தான்.

ஆனால் பெரிய வாள் மீதான இந்த ஆசை வீடியோ கேமோடு பிறந்தது அல்ல. 14ஆம் நூற்றாண்டு ஜப்பானியப் போர்களிலேயே ஓடாச்சி என்ற மிக நீளமான வாள்கள் புழங்கின. ஒகயாமாவில் உள்ள கிபிட்சு ஆலயத்தில் 1447இல் அடித்த ஓடாச்சி ஒன்று இருக்கிறது. பிடியோடு சேர்த்து 377 செ.மீ., எடை 14.5 கிலோ. போருக்கு என்பதை விடத் தெய்வத்துக்கு என்றே செய்த வாள். அத்தனை நீள இரும்பை ஒரே சீராகக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து, கோணாமல் வெளியே எடுப்பது லேசுப்பட்ட காரியமா? அடித்த கொல்லர் நொரிமிட்சுவின் பெயர் இன்றும் அந்த வாளோடு சேர்ந்தே வருகிறது. வர வேண்டியதுதான்.

அப்புறம் ஜப்பானின் பாரம்பரிய மேடைக் கலையான கபுகி நாடகம். ஷிபராகு என்ற புகழ்பெற்ற நாடகத்தை நடிகர் முதலாம் இச்சிகாவா டான்ஜூரோ 1697இல் மேடையேற்றினார். முகமெல்லாம் சிவப்புக் கோடுகள், பாய்மரம் போல விரிந்த சட்டைக் கைகள், இடுப்பில் இரண்டு மீட்டருக்கும் நீளமான வாள் என்று நாயகன் வந்து நிற்பான். ஒரே வீச்சில் அடியாட்கள் அத்தனை பேரின் தலையும் உருளும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் இவன் யார் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. 1997இல் பிளேஸ்டேஷனில் வந்த கிளவுடுக்கும் இது அப்படியே பொருந்துகிறது என்பேன். கட்டம் கட்டமான உடம்பு, வாயே இல்லாத முகம். அந்தச் சின்ன உருவத்தில் முடியும் வாளும்தான் சட்டென்று கண்ணில் படும்.

ஜப்பானிய காமிக்ஸான மாங்காவில் இதற்கு உயிர் கொடுத்தவர் கென்டாரோ மியுரா. 1989இல் தொடராக வரத் தொடங்கிய பெர்செர்க்கில் நாயகன் கட்ஸ் தூக்கும் டிராகன்ஸ்லேயரை வாள் என்பதே கொஞ்சம் அதிகம், முரட்டு இரும்புப் பாளம் அது. டிராகனைக் கொல்ல என்று செய்த அதை யாராலும் கையாள முடியாமல் கொல்லர் கோடோவின் கிடங்கில் கிடந்தது. தன் வாள் உடைந்து, உயிர் போகிற நேரத்தில்தான் கட்ஸ் அதை எடுக்கிறான். மியுரா வரைந்த ஒவ்வொரு வீச்சிலும் இடுப்பு திரும்புவதும் கால் ஊன்றுவதும் தெரியும். அந்தக் கனத்தை அந்த மனிதன் உடம்பால் சம்பாதிக்கிறான். எனக்கு இதுதான் முக்கியம். 50 கிலோவை ஊதுபத்தி மாதிரி சுழற்றும் கேம்களில் எனக்கு மனம் ஒட்டுவதே இல்லை.

கனத்துக்கு உண்மையாக இருக்கும் கேம் என்றால் கேப்காம் நிறுவனத்தின் மான்ஸ்டர் ஹண்டர், ராட்சத மிருகங்களை வேட்டையாடும் கேம். அதில் கிரேட் சோர்ட் என்ற பெரிய வாளை உருவிவிட்டால் ஓட முடியாது, தள்ளாடித் தள்ளாடித்தான் நடக்க முடியும். ஒளிக்குண்டு வெடித்து, பறந்துகொண்டிருந்த ரதாலோஸ் என்ற டிராகன் தரையில் விழுந்து துடிக்கிறது என்று வையுங்கள். தலைப்பக்கம் ஓடி, வாளைத் தோளுக்குப் பின்னால் இழுத்து, பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். உடம்பு ஒளிர்கிறது, ஒரு படி, இரண்டு, மூன்று. முன்னாலேயே விட்டால் அடி சப்பென்று போகும், அதிக நேரம் பிடித்தாலும் அடியின் வலு குறையும். சரியாக விட்டால், வாள் தலையில் இறங்கும் கணத்தில் திரையே ஒரு நொடியின் சிறு துளி உறைந்து நின்றுவிட்டுத்தான் நகரும். வேண்டுமென்றே வைத்த நிறுத்தம் அது. இரும்பு எலும்பில் மாட்டியது போல உங்கள் கை நம்பிவிடும். நாலு பேராக ஆடும்போது மிருகம் தூங்கிவிட்டால், எழுப்பும் முதல் அடியை கிரேட் சோர்டுக்காரருக்கே விட்டுக்கொடுப்பது வழக்கம். எனக்கு அந்த வாய்ப்பு வரும்போதெல்லாம் இன்னும் உள்ளங்கை வியர்க்கிறது.

நீங்களும் தொடங்க நினைத்தால் மான்ஸ்டர் ஹண்டர் வேர்ல்டே போதும். முதலில் பயிற்சிக் களத்தில் அந்த மூன்றாவது படியைக் கண்ணை மூடிக்கொண்டும் பிடிக்கிற அளவுக்குப் பழகுங்கள். வேட்டையில் ஒரு அடி, உடனே உருண்டு விலகு, வாளை முதுகில் போடு. பேராசைப்பட்டு இரண்டாவது அடிக்குப் போகாதீர்கள்.