கதைசொல்லிக்கே எதுவும் புரியாத கதையை வாசகர்கள் ரசிப்பார்களா?

பாம்பன் பக்கத்துக் குப்பம் ஒன்றில் அப்பா திருட்டுத்தனமாகக் கடல் அட்டை என்ற கடல் உயிரினத்தைப் பதப்படுத்துகிறார்; 9 வயது மகன் விவரம் புரியாமலே அதைச் சொல்லிக்கொண்டு போகிறான். இப்படி எழுதினால் வாசகருக்கு எரிச்சல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக ரசிப்பார்கள். ஆனால் பையன் கண்ணால் பார்ப்பதில் பிசகு இருக்கக் கூடாது. அதற்கு அவன் சொல்லும் காரணம் மட்டும்தான் பிசக வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் இரண்டையும் சேர்த்து மங்கலாக்கிவிடுகிறார்கள். பையனுக்கும் புரியாது, வாசகருக்கும் பிடி கிடைக்காது. எரிச்சல் அங்கேதான் வரும்.

அட்டையின் குடலை எடுத்து, வேகவைத்து, மணலில் புதைத்து, தோண்டி எடுத்து மேல்தோலைத் தேய்த்து, மறுபடி அவித்துக் காயவைப்பார்கள். சாண் நீளத்து அட்டை விரல் நீளத்துக்குச் சுருங்கிவிடும். இந்த வரிசை மாறாமல் பையன் கண்ணில் படட்டும்:

"ராத்திரி கொல்லையில டிரம்முல ஏதோ கொதிச்சிச்சு. அப்பா அதை அள்ளி மணலுக்குள்ள புதைச்சாரு. காலையில தோண்டுனா எல்லாம் சுருங்கிக் கெடக்கு. அப்பத்தாவுக்கு இருமல்ல, அதான் மருந்து. ஆனா அப்பத்தாவுக்குக் குடுக்கவே இல்ல."

கடைசி வரியைக் கவனியுங்கள். தன் விளக்கத்தில் ஓட்டை இருப்பதை அவனே சொல்லிவிடுகிறான், அது ஓட்டை என்று தெரியாமல். இந்த மாதிரி ஒரு வரி முதல் பக்கத்திலேயே வந்துவிட வேண்டும். அப்புறம் வாசகர் அவனைவிட ஓரடி முன்னால் போய், அவனுக்காகப் பயப்பட ஆரம்பிப்பார். படிக்கிற சுகமே அந்தப் பயம்தான்.

எது தெரியாது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். கடற்கரைப் பையனுக்குக் கடல் தெரியும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்தால் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்குக் கடலில் தொழில் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு போகாது. இதெல்லாம் அவன் நாக்கில் சரளமாக வர வேண்டும். இதிலும் அவனை அசடாக்கினால், பட்டணத்து ஆள் எழுதியது என்று முதல் பத்தியிலேயே பல்லிளித்துவிடும். அவனுக்குத் தெரியாதது சட்டமும் அப்பாவின் கடனும்தான். 2001-இல் கடல் அட்டை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தது. அதைப் பிடிக்கவோ வைத்திருக்கவோ கூடாது. பையனுக்கு அது வெறும் அட்டை. அதனால் 'கடத்தல்', 'ரெய்டு' போன்ற சொற்களை அவன் பெரியவர்கள் வாயிலிருந்து அரைகுறையாகக் கேட்கலாம், தானாகச் சொல்லக் கூடாது.

அவன் அறியாமை வெறும் அலங்காரமாக நிற்காமல், கதையில் ஒரு காரியம் செய்ய வேண்டும். காக்கிச் சட்டைக்காரர் வந்து, "அப்பா என்ன தம்பி செய்றாரு?" என்கிறார். இவன் பெருமையாக மருந்து என்று சொல்லி, மணல்குழியையும் காட்டுகிறான். இந்த இடம் இல்லாவிட்டால் வாசகர் ஒரு ரகசியத்தைக் கண்டுபிடித்ததோடு சரி, மனசு பதறாது.

கதை கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, "அப்போது எனக்குத் தெரியாது" என்ற வரி. வளர்ந்த ஆள் உள்ளே வந்துவிட்டால் குழந்தையின் குரல் போய்விடும். நேற்று நடந்ததை இன்று சொல்வதுபோல வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அப்பாவை ஜீப்பில் ஏற்றிய பிறகும் அவனுக்கு ஒன்றுமே உறைக்காதது. 9 வயதில் அந்த அளவுக்குப் புரியாமல் இருக்காது. தன்னால்தான் என்று அரைகுறையாக உறைக்கட்டும். அதை வாயால் சொல்லவிடாதீர்கள். குழியை அவன் காலால் மூடுவது போதும்.

எழுதி முடித்ததும் பாம்பனை அடுத்த மண்டபம் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவருக்கும் மதுரை ஆள் ஒருவருக்கும் கொடுங்கள். மண்டபத்துக்காரர் டிரம்மிலேயே கண்டுபிடித்துவிடுவார், அதனால் பாதகமில்லை. மதுரைக்காரர் பாதிக் கதைக்கு மேலும் மருந்து என்றே நம்பினால், கொல்லைக் காட்சியில் ஒரு தராசை வையுங்கள். அப்பத்தா இருமலுக்கு யாரும் மருந்தைக் கிலோக் கணக்கில் நிறுத்துச் சாக்கில் கட்டமாட்டார்கள்.