வாசகர் கேள்வி – பதில்: கோயிலுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள்

கேள்வி: எங்கள் கத்தோலிக்கப் பங்கு கிளிநொச்சி மாவட்டத்தில் உள்ளது. உறுதிபூசுதல் (ஞானஸ்நானத்துக்குப் பின் பெறும் அருட்சாதனம்) முடிந்த கையோடு பிள்ளைகள் வருவது குறைகிறது. ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்தவர்களும் கார்மெண்ட்ஸுக்குப் போகிறவர்களும் வந்தாலும், பூசை முடியும்வரை வெளியே மரத்தடியில்தான் நிற்கிறார்கள். என்ன செய்யலாம்?
– பங்குச் சபைச் செயலாளர் ஒருவர்

பதில்: திருவிழாவுக்குக் கொடி கட்டவும் கதிரை அடுக்கவும் அவர்களைக் கூப்பிடுகிறோம், கணக்கு வழக்குப் பேசும்போது கூப்பிடுவதில்லை. பிள்ளைகள் விலகுவதற்கு இது பெரிய காரணம். ஆவணி (ஆகஸ்ட்) 15 மடு மாதா திருவிழாப் பயணத்தை இந்த முறை முழுதாக அவர்களிடமே விடுங்கள்: பஸ் பேசுவது, சமையல், தங்குமிடம், காசு எல்லாமே. திரும்பி வந்த அடுத்த ஞாயிறு, பூசை முடிவில் அவர்களே கணக்கை வாசிக்கட்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இன்னொரு கொப்பி வைத்து எழுதினால் எல்லாம் கெட்டுப்போகும்.

பூசையில் வேதாகம வாசகம் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். பூசைக்கு ஐந்து நிமிடம் முன்பு புத்தகத்தைக் கையில் திணித்தால், பிள்ளை 'கொலோசையர்' என்ற இடத்திலேயே தடக்கும். முன்வாங்கில் யாராவது சிரித்தால் அந்தப் பிள்ளை மறுபடி ஏறாது. புதன்கிழமையே பகுதியை வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சனிக்கிழமை மைக்கைப் போட்டு, வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஒருவர் கடைசி வாங்கில் இருந்து கேட்க வேண்டும். குருத்து ஞாயிறன்று இயேசுவின் பாடுகளின் வரலாற்றைப் பல குரல்களில் வாசிக்கலாம் என்பதால், புதியவர்களைச் சேர்க்க அது நல்ல வாய்ப்பு.

இளைஞர் கூட்டத்தைப் பின்னேரம் வைக்காதீர்கள். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கும், இருட்டுமுன் வீடு சேர வேண்டிய பெண்பிள்ளைகளுக்கும் அது சரிவராது. ஞாயிறு பூசை முடிந்ததும் முக்கால் மணித்தியாலம் போதும்.

நெடுநாள் வராத பிள்ளை வந்தால், "ஏன் இவ்வளவு நாளும் வரேல்லை?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். சுகம் விசாரித்து, பக்கத்தில் இடம் விட்டாலே போதும்.

கேள்வி: என் தங்கைக்கு 19 வயது. அவள் ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நிற்கலாமா? அவளுடைய உறுதிபூசுதல் பதிவு அழிந்துவிட்டது.
– வாசகி, முல்லைத்தீவு

பதில்: நிற்கலாம். திருச்சபைச் சட்டம் 874இன்படி பொதுவாக 16 வயது நிறைந்திருக்க வேண்டும். உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்று, விசுவாச வாழ்வு வாழ்பவராக இருக்க வேண்டும். குழந்தையின் தாய் தகப்பன் நிற்க முடியாது. உறுதிபூசுதலை ஞானஸ்நானப் பதிவேட்டிலும் குறிப்பது வழக்கம். ஆகவே தங்கை ஞானஸ்நானம் பெற்ற பங்கில் முதலில் கேளுங்கள். அதுவும் இல்லாவிட்டால், யாருக்கும் பாதகமில்லாதபோது நம்பத்தகுந்த ஒரு சாட்சியின் வாக்குமூலமே போதும் (சட்டம் 876, 894). உறுதிபூசுதலன்று உடன் நின்ற ஞானத்தாயைக் கூட்டிக்கொண்டு பங்குத்தந்தையிடம் போங்கள்.