டாக்டருக்கு 9,000 மேற்கோள்கள். அப்பாவுக்கு அதனால் என்ன?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64. நடந்தால் நெஞ்சு அடைக்கிறது என்று போனோம். இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறது, ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய வேண்டும் என்கிறார்கள். இரண்டு டாக்டர்களின் பெயர் கையில் இருக்கிறது. ஒருவரைப் பற்றி மருத்துவமனை இணையதளத்தில் ‘210 ஆய்வுக் கட்டுரைகள், 9,000 மேற்கோள்கள், எச்-இண்டெக்ஸ் 41’ என்று போட்டிருக்கிறார்கள். இன்னொருவருக்கு அப்படி எதுவும் இல்லை. முதலாமவரிடமே போய்விடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அந்த எண்களை மட்டும் நம்பிப் போக வேண்டாம். அவை பொய் என்று சொல்லவில்லை. நீங்கள் கேட்க வேண்டிய கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை, அவ்வளவுதான். ஒருவர் எழுதிய கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை சுட்டியிருக்கிறார்கள் என்பதே மேற்கோள் கணக்கு. ரத்தக் குழாய்க்குள் கம்பியைச் செலுத்தும் கையின் பக்குவத்தை அது அளப்பதில்லை.

எச்-இண்டெக்ஸ் என்பதை 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தார். கட்டுரைகளின் எண்ணிக்கையையும் அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களையும் சேர்த்துப் பார்க்கும் எண் அது. ஒருவருடைய ஆறு கட்டுரைகளுக்கு முறையே 90, 40, 12, 6, 5, 3 மேற்கோள்கள் என்று வையுங்கள். ஐந்து கட்டுரைகளுக்குக் குறைந்தது ஐந்து மேற்கோள்கள் இருக்கின்றன. ஆறாவது கட்டுரைக்கு ஆறு இல்லை. ஆகவே அவருடைய எண் 5. முதல் கட்டுரைக்கு 90க்குப் பதில் 9,000 வந்தாலும் எண் 5தான். இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. அதனால் மூத்தவர்களுக்கு எப்போதும் சாதகம். 41 என்பது அறுபது வயதுக்காரருக்கு ஒரு பொருள், நாற்பது வயதுக்காரருக்கு வேறு பொருள்.

மேற்கோள் எண்ணை வைத்து ஒருவருடைய சாதனையை அளக்க முடியாது என்பதற்கு, உங்கள் அப்பாவுக்குச் செய்யப்போகிற சிகிச்சையின் கதையே நல்ல சான்று. ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் என்ற மருத்துவர் பலூன் குழாய்களைத் தன் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துச் செய்து பார்த்தவர். 1977 செப்டம்பர் 16 அன்று சூரிக் நகரில், விழித்திருந்த 38 வயது நோயாளியின் இதய ரத்தக் குழாயில் அடைப்பைப் பலூனால் விரித்தார். அதுதான் ஆஞ்சியோபிளாஸ்டி. 1979இல் முதல் 50 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். வெற்றி 32 பேருக்கு. ஐந்து பேருக்கு அவசர பைபாஸ் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. இதையும் மறைக்காமல் எழுதினார். 1985இல் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 46. இன்று ஸ்டென்ட் (விரித்த ரத்தக் குழாய் மீண்டும் சுருங்காமல் உள்ளே வைக்கும் வலைக்குழாய்) பற்றி எழுதுகிற பலரும் அவர் கட்டுரையைச் சுட்டுவதில்லை. எல்லோருக்கும் தெரிந்த பொதுச் சொத்தாகிவிட்டதை யார் மேற்கோள் காட்டுவார்கள்?

இதன் மறுபக்கமும் உண்டு. எலும்பு மஜ்ஜை செல்கள் சேதமான இதயத் தசையை மீண்டும் வளர்க்கின்றன என்று பியரோ அன்வெர்சா என்ற இதய ஆய்வாளரின் குழு 2001இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் எழுதியது. மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. 2004இல் வேறு இரண்டு குழுக்கள் அதே இதழில், எங்களுக்கு அப்படி வரவில்லை என்று எழுதின. 2018இல், அவருடைய ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் பிரிகாம் மருத்துவமனையும் பரிந்துரைத்தன. மறுத்து எழுதியவர்களும் அந்தக் கட்டுரையைச் சுட்டித்தானே மறுக்க வேண்டும்! பாராட்டும் மறுப்பும் ஒரே கணக்கில்தான் ஏறும்.

இதயவியலுக்கென்று தனியாக ஒரு சிக்கலும் இருக்கிறது. ஐரோப்பிய இதயவியல் சங்கம் போன்றவை வெளியிடும் சிகிச்சை நெறிமுறைகளை எல்லோரும் சுட்டுவார்கள். அதில் பெயர் இருக்கும் ஒவ்வொருவர் கணக்கிலும் ஆயிரக்கணக்கான மேற்கோள்கள் சேரும். பல நாடுகளில் நடக்கும் மருந்து ஆய்வுகளிலும் இப்படித்தான். ஆகவே அந்த 9,000 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் டாக்டருக்கென்று பக்கம் இருந்தால், அதில் அதிகம் சுட்டப்பட்ட கட்டுரை மேலே இருக்கும். முதல் பெயர் பொதுவாக வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் குழுத் தலைவருடையது. உங்கள் டாக்டர் முப்பது பெயர்களுக்கு நடுவே எங்கோ இருந்தால் அந்த மேற்கோள்களில் அவருடைய பங்கு சிறிதாகவே இருக்கக்கூடும். இன்னொன்று: நம் ஊர்ப் பெயர்களில் முதலெழுத்து வைக்கும் வழக்கத்தால் ‘எஸ். குமார்’கள் ஏராளம். ஒருவர் கட்டுரை இன்னொருவர் பக்கத்தில் ஏறிவிடுவது சாதாரணம். அதே டாக்டருக்கு ஸ்கோபஸ் என்ற இன்னொரு கட்டுரைத் தொகுப்பில் பார்த்தால் பெரும்பாலும் எண் குறையும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம் எல்லாவற்றையும் எண்ணும். மருத்துவமனை விளம்பரம் எந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இனி, டாக்டரிடம் நேரில் கேட்க வேண்டியவை. வருடத்துக்கு எத்தனை ஆஞ்சியோபிளாஸ்டி நீங்களே செய்கிறீர்கள்? சிக்கல் வந்தால் பைபாஸ் செய்ய அறுவை சிகிச்சைக் குழு இதே கட்டடத்தில் இருக்கிறதா? மணிக்கட்டு வழியாகச் செய்வீர்களா, தொடை வழியாகவா? இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்கிறவர், இணையதளத்தில் எண்ணே இல்லாத அந்த இரண்டாமவராகவும் இருக்கலாம்.

ஆய்வு தெரிந்தவரால் பயன் உள்ள ஓர் இடம் உண்டு: ‘இந்த ஸ்டென்ட் இப்போது அவசியமா?’ என்ற கேள்வி. 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வில், நிலையான அடைப்பு நோய் உள்ள 5,179 பேர் கலந்துகொண்டார்கள். முதலில் மருந்து மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், தொடக்கத்திலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் நோக்கிப் போனவர்களுக்கு மாரடைப்போ மரணமோ குறையவில்லை. நெஞ்சுவலி அடிக்கடி வருகிறவர்களுக்கு வலி மட்டும் நன்றாகக் குறைந்தது. மாரடைப்போடு அட்மிட் ஆனவர்களுக்கும், இடது பிரதானக் குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கும் இந்த முடிவு பொருந்தாது. அப்பா இதில் எந்த வகை என்று இரண்டு டாக்டர்களிடமும் கேளுங்கள். ஆஞ்சியோகிராம் சிடியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதற்கிடையில் மருந்தை நிறுத்த வேண்டாம்; ஓய்வாக இருக்கும்போதே வலி வந்தால் யாருடைய கட்டுரையையும் தேடாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.