கேள்வி பதில்: கணக்குப் போட்டே கருவைச் சொல்லலாமா?

கேள்வி: புரோட்டான், நியூட்ரான்களுக்கு இடையே உள்ள விசை தெரிந்துவிட்டால், ஆய்வகமே இல்லாமல் எந்த அணுக்கருவின் குணத்தையும் கணக்கிட்டுச் சொல்லிவிடலாமா?
- கல்லூரி மாணவி, குரோம்பேட்டை

பதில்: ஓரளவு சொல்லலாம், ஆனால் அந்த விசையே இன்னும் முழுசாகக் கைக்கு வரவில்லை. புரோட்டானும் நியூட்ரானும் ஒரு துகளைப் பரிமாறிக்கொண்டு ஒட்டியிருக்கின்றன என்று ஜப்பானிய இயற்பியலாளர் யுகாவா 1935-இல் சொன்னார், பையான் என்ற அந்தத் துகள் 1947-இல் அகப்பட்டது. சரி, இரண்டிரண்டு பேராக விசையைக் கூட்டிப் பார்த்தால் டிரைட்டான் என்ற குட்டி அணுக்கரு கூட (ஒரு புரோட்டான், இரண்டு நியூட்ரான், அவ்வளவுதான்) நிஜத்தைவிடத் தளர்வாக வருகிறது. மூன்று பேர் சேரும்போது மட்டும் எழும் விசை ஒன்று தனியாக உண்டு. தாம்பரம் ஷேர் ஆட்டோவில் இரண்டு பேர் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும்போது மூன்றாவது ஆள் நுழைந்தால், பழைய இருவருக்குள்ளேயே நெருக்கம் மாறிவிடும் இல்லையா, கிட்டத்தட்ட அப்படி.

ஆக்சிஜனைப் பாருங்கள். இருவர் விசையோடு நிறுத்தினால், இருக்கக்கூடாத கனமான ஐசோடோப்புகள்கூட (அதே தனிமம், நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறு) நிலைத்திருக்கும் என்று கணக்கு சொல்லும்; மூவர் விசையைச் சேர்த்தால்தான் நிஜத்தைப் போல ஆக்சிஜன்-24-ஓடு (24 என்பது புரோட்டான், நியூட்ரான் மொத்தம்) நிற்கும். அப்புறம் ஆக்சிஜன்-28: 8 புரோட்டான், 20 நியூட்ரான், இரண்டுமே மாய எண்கள் (கருவைத் தனிக் கெட்டியாக்கும் எண்ணிக்கைகள்) என்பதால் கெட்டியாக இருக்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிறுவனத்தில் அதை உண்டாக்கிப் பார்த்தால், நான்கு நியூட்ரான்களை உதறிவிட்டு உடனே உடைந்துபோனது; முடிவு 2023-இல் வெளியானது!