சர்க்கரை நார்மல் என்றால் எல்லாம் நார்மலா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 38, உயரம் 168 செ.மீ., எடை 92 கிலோ, இடுப்புச் சுற்றளவு 106 செ.மீ. கம்பெனியில் செய்த மாஸ்டர் செக்கப்பில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 96, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.6. 'சுகர் இல்லை, நன்றாக இருக்கிறீர்கள்' என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் அப்பாவுக்கு 45 வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. மற்ற எண்கள்: ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) 212, எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 34, ஈரல் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. 58, எஸ்.ஜி.ஓ.டி. 36, தட்டணு 2.6 லட்சம். நண்பர் சொன்னதால் வெறும் வயிற்றில் இன்சுலினும் பார்த்தேன், 19 வந்தது. லேப் தாளில் 25 வரை சரி என்று போட்டிருக்கிறது. நான் பயப்பட வேண்டுமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: உங்களுக்குச் சர்க்கரை நோய் இல்லை, அது உண்மை. ஆனால் 'நன்றாக இருக்கிறீர்கள்' என்று சொன்னதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

சர்க்கரை என்பது கடைசியில் ஏறுகிற எண். அதற்குப் பல வருடங்கள் முன்பே உள்ளே வேலை ஆரம்பித்துவிடும். வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் கொழுப்பு சேரச் சேர இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்பதில்லை (இதுதான் இன்சுலின் எதிர்ப்பு), உடனே கணையம் முன்பு சுரந்ததைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சுரந்து சமாளிக்கிறது, அந்தச் சமாளிப்பு நடக்கிற வரைக்கும் ரிப்போர்ட்டில் சர்க்கரை 90, 95 என்று அழகாகத்தான் இருக்கும். இதே சமயத்தில் ஈரல் கூடுதலாகக் கொழுப்பைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. அதுதான் உங்கள் ட்ரைகிளிசரைடு 212. அந்தக் கொழுப்பு எச்.டி.எல். துகள்களிலும் ஏறிக்கொள்கிறது, அப்படி ஏறிய துகள்களை உடம்பு சீக்கிரம் அழித்துவிடுகிறது, அதனால் எச்.டி.எல். குறைகிறது. ஒன்று ஏறி இன்னொன்று இறங்குவது தற்செயல் இல்லை, இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள்.

ட்ரைகிளிசரைடை எச்.டி.எல்.லால் வகுத்துப் பாருங்கள். 212-ஐ 34-ஆல் வகுத்தால் 6.2 வருகிறது. 3-ஐத் தாண்டினாலே இன்சுலின் எதிர்ப்பு இருக்குமோ என்று சந்தேகப்படுவோம். அடுத்து, வெறும் வயிற்றுச் சர்க்கரையை இன்சுலினால் பெருக்கி 405-ஆல் வகுப்பது ஒரு பழைய கணக்கு, ஹோமா என்பார்கள். உங்களுக்கு 4.5. பொதுவாக 2.5-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். லேப் தாளில் 25 வரை சரி என்று இருப்பதால் உங்கள் 19-க்கு யாரும் சிவப்புக் கோடு போடவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இன்சுலின் அளவு லேபுக்கு லேப் மாறும், அதனால் அந்த 4.5-ஐ மந்திர எண்ணாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பரிசோதனை செய்யாமலேயே மற்ற எண்கள் இதைச் சொல்லிவிட்டன.

1988-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜெரால்ட் ரீவன் இந்தக் கோளாறுகள் எல்லாம் கூட்டமாக வருவதை எடுத்துச் சொன்னார், இன்று மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறோம். ஐந்தில் மூன்று இருந்தால் அந்தப் பெயர்: இடுப்பு (நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது மேல்), ட்ரைகிளிசரைடு 150 அல்லது மேல், எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழ், பிரஷர் 130/85 அல்லது மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது மேல். சர்க்கரையைத் தொடாமலே உங்களுக்கு மூன்று ஆகிவிட்டது. பிரஷரை நீங்கள் எழுதவே இல்லை, அதைப் பாருங்கள்.

எஸ்.ஜி.பி.டி. 58 என்பது ஈரலில் கொழுப்பு படிந்திருக்கலாம் என்று சொல்கிறது. மது அருந்துபவர் என்றால் அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். ஆறுதலான விஷயம் ஒன்று உண்டு: வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., தட்டணு நான்கையும் வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்குப் போடுவோம், உங்களுக்கு 0.7 வருகிறது. 1.3-க்குக் கீழே இருந்தால் ஈரலில் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு.

சரி, என்ன செய்வது? 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து ஒருமுறை சர்க்கரை பாருங்கள், நம்மில் பலருக்கு வெறும் வயிற்றில் ஏறுவதற்கு முன்பே அங்கே ஏறியிருக்கும். 140-க்குக் கீழ் என்றால் நிம்மதி. டீயில் சர்க்கரை, குளிர்பானம், இரவில் தட்டு நிறையச் சோறு, மது ஆகியவற்றைக் குறைத்தால் முதலில் இறங்குவது ட்ரைகிளிசரைடுதான், சில வாரங்களிலேயே தெரியும். முதல் இலக்கு 5, 6 கிலோ போதும். அப்பாவுக்கு வந்தது உங்களுக்கும் வந்தே தீரும் என்று எதுவும் எழுதி வைக்கவில்லை, உங்களிடம் இன்னும் நேரம் இருக்கிறது.

கேள்வி: வயது 44, எடை 81 கிலோ. வெறும் வயிற்றில் 92, ஆனால் ஹெச்பிஏ1சி 6.2 வந்திருக்கிறது. ரத்தம் குறைவு, ஹீமோகுளோபின் 8.9, இரும்புச் சத்து இல்லை என்றார்கள். எதை நம்புவது?
- வாசகி, மதுரை

பதில்: இப்போதைக்கு அந்த 6.2-ஐ முழுசாக நம்ப வேண்டாம் அம்மா. ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது, சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்ற கணக்கில்தான் அது மூன்று மாதச் சராசரி ஆகிறது. இரும்புச் சத்துக் குறைவில் அது உள்ளதைவிட அதிகமாகக் காட்டலாம். ரத்தம் அதிகமாகப் போயிருந்தாலோ சில பரம்பரை ரத்தக் கோளாறு இருந்தாலோ நேர்மாறாகக் குறைத்தும் காட்டும். மாதவிலக்கில் அதிகம் போகிறதா, இரும்பு ஏன் குறைந்தது என்பதை முதலில் பாருங்கள், அதற்கு மாத்திரை சாப்பிடுங்கள். சர்க்கரைக்கு, திருப்பூர் வாசகருக்குச் சொன்ன அந்தக் குளுக்கோஸ் பரிசோதனையே சரியான பதில் சொல்லும். ஹீமோகுளோபின் சரியாகி மூன்று மாதம் ஆனபின் ஹெச்பிஏ1சி-யைத் திரும்ப எடுங்கள். நம் வீட்டுப் பெண்களில் எத்தனையோ பேருக்கு ரத்தசோகை இருக்கிறது, அப்படியிருக்க இந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து 'சர்க்கரை வந்துவிட்டது' என்று சொல்லிவிடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

கேள்வி: என் எடை 104 கிலோ. லெப்டின், அடிபோனெக்டின், அமினோ அமிலம், சி.ஆர்.பி. எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் ஒன்று பல ஆயிரம் ரூபாய் சொல்கிறார்கள். எதிர்காலத்தில் என்ன வரும் என்று தெரிந்துவிடுமாம். எடுக்கலாமா?
- வாசகர், சென்னை

பதில்: எடுக்க வேண்டாம் என்பேன். அவை பொய்யான அறிவியல் என்பதால் அல்ல, எல்லாமே நல்ல ஆராய்ச்சியில் வந்தவைதான். லெப்டினை 1994-இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்தது, கொழுப்புச் செல் சுரக்கும் ஹார்மோன் அது, கொழுப்பு கூடினால் அதுவும் கூடும், அதை உங்கள் வீட்டு எடை மெஷினே சொல்லிவிடும். அடிபோனெக்டின் அதற்கு எதிர், கொழுப்பு கூடக் கூட இது குறையும், குறைந்தவர்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். 2011-இல் அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வில் லூசின், ஐசோலூசின், வாலின், டைரோசின், ஃபினைல்அலனின் ஆகிய ஐந்து அமினோ அமிலங்கள் சர்க்கரை வருவதற்குப் பல வருடம் முன்பே கூடுதலாக இருந்ததைக் காட்டினார்கள். எனக்கே அது பிரமிப்பாக இருந்தது. ஆனால் அந்த எண்கள் கையில் வந்தபின் நான் உங்களுக்குச் சொல்லப்போகும் ஒரு வரியாவது மாறுமா? மாறாது.

சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுவது) பரவாயில்லை, ஆனால் சளி காய்ச்சல் இருக்கும்போது எடுத்தால் எகிறும், 10-க்கு மேல் வந்தால் உடம்பு தேறிய பிறகு மறுபடி எடுக்க வேண்டும். அதற்குப் பதில் காசே செலவில்லாத ஒன்று: மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்.டி.எல்.லைக் கழித்துப் பாருங்கள். ட்ரைகிளிசரைடு ஏறியவர்களுக்கு எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) மட்டும் பார்த்தால் ஆபத்து குறைவாகத் தெரியும், இந்தக் கழித்த எண்தான் சரியாகக் காட்டும். வசதியிருந்தால் கெட்ட கொழுப்புத் துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் அபோ-பி எடுக்கலாம். குடும்பத்தில் சின்ன வயதில் ஹார்ட் அட்டாக் வந்தவர்கள் இருந்தால் லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்புத் துகளை வாழ்க்கையில் ஒரே ஒருமுறை பாருங்கள், அது மரபில் வருவது, எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மிச்சப் பணத்துக்கு நல்ல செருப்பு வாங்குங்கள், 104 கிலோவோடு நடக்கும்போது முட்டிக்கு அது தேவை.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, நல்ல குண்டு. கழுத்து மடிப்பில் கறுப்பாக இருக்கிறது, தேய்த்தும் போகவில்லை. அவன் பாட்டிக்குச் சர்க்கரை உண்டு.
- வாசகி, நாகர்கோவில்

பதில்: அழுக்கு இல்லை, தேய்க்காதீர்கள், திட்டவும் வேண்டாம். இன்சுலின் அதிகமாக இருப்பதன் அடையாளம் அது. பத்து வயதுக்கு மேல், எடை அதிகம், குடும்பத்தில் சர்க்கரை, கழுத்தில் கறுப்பு என்றால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி, கொழுப்பு, எஸ்.ஜி.பி.டி. நான்கும் பார்த்துவிட வேண்டும். இந்த மாதமே குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

கேள்வி: ஆறு மாதமாகத் தினமும் 40 நிமிடம் நடக்கிறேன், இனிப்பைத் தொடுவதில்லை. எடை ஒன்றரைக் கிலோதான் குறைந்தது. ட்ரைகிளிசரைடு 240-லிருந்து 160, எச்.டி.எல். 36-லிருந்து 41. வீட்டில் 'என்ன பிரயோஜனம்' என்கிறார்கள்.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: பெரிய பிரயோஜனம் அம்மா, ரிப்போர்ட்டை வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள். முதலில் கரைவது பெரும்பாலும் ஈரலிலும் வயிற்றுக்குள்ளும் இருக்கும் கொழுப்பு, அது எடையில் சட்டென்று தெரியாது. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருடம் கவனித்தார்கள். சும்மா விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது, நடையும் உணவும் மாற்றியவர்களில் 39 சதவீதம். அவர்களுக்கும் எடை பெரிதாகக் குறையவில்லை. அடுத்த பரிசோதனையை மூன்று மாதம் கழித்து அதே லேபில், 12 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து எடுங்கள், முந்தின நாள் கல்யாண விருந்து இருந்தால் தள்ளிப்போடுங்கள், தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். டேப் வைத்து இடுப்பையும் அளந்து எழுதுங்கள், அடுத்த முறை அதையும் சேர்த்துப் பார்ப்போம்.