முதல் பத்தியை அழித்துப் பாருங்கள்

கேள்வி: இணையதளத்துக்குக் கட்டுரை எழுத ஆரம்பித்திருக்கிறேன். தகவல்கள் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் வருகிறவர்கள் சில நொடிகளிலேயே வெளியேறிவிடுகிறார்கள். கடைசிவரை படிக்க வைப்பது எப்படி?

பதில்: எழுதத் தெரியவில்லை என்று அதற்குள் மனம் தளர வேண்டாம். திரையில் மக்கள் படிக்கும் விதமே வேறு. இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1997இல் வெளியிட்ட ஆய்வில், 79 சதவீதம் பேர் புதிய பக்கத்தை மேலோட்டமாகக் கண்ணால் துழாவினார்கள். சொல் விடாமல் படித்தவர்கள் 16 சதவீதம்தான். 2006இல் அவருடைய குழு கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தது. மேலே உள்ள வரிகளை ஓரளவு முழுதாகப் படித்துவிட்டு, அப்புறம் இடது ஓரமாகவே கண் கீழே இறங்குவதுதான் பரவலாகத் தெரிந்தது. ஆக, தொடக்க வரிகளும் ஒவ்வொரு பத்தியின் முதல் சில சொற்களும்தான் பெரும்பாலும் கண்ணில் படும். உழைப்பை அங்கே போடுங்கள்.

புதிதாக எழுதுகிறவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது முன்னுரை மோகம். கைபேசியில் இடம் நிரம்பிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கட்டுரை. அது இப்படித் தொடங்கும்: "இன்றைய நவீன உலகில் கைபேசி மனித வாழ்வின் இன்றியமையாத அங்கமாகிவிட்டது." தேடி வந்தவருக்கு இது தெரியாதா? அவர் கையில் இருக்கும் கைபேசி புகைப்படம் எடுக்க மறுக்கிறது, அவசரத்தில் வந்திருக்கிறார். இப்படி மாற்றிப் பாருங்கள்: "இடம் இல்லை என்று கைபேசி சொல்கிறதா? முதலில் வாட்ஸ்அப்பில் வந்த வீடியோக்களைப் பாருங்கள். பல கைபேசிகளில் இடத்தை அடைப்பது அவைதான்." மூன்றே வாக்கியத்தில் அவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. மீதியையும் படிப்பார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிட்டால் போய்விடுவார்களே என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி அல்ல. பதில் கிடைத்தவருக்குத்தான் அடுத்த கேள்வி வரும்: எதை அழிக்கலாம், அழித்தது திரும்ப வருமா, மறுபடி நிரம்பாமல் இருக்க என்ன வழி? அந்தக் கேள்விகளையே துணைத்தலைப்புகளாக வையுங்கள். "நன்மைகள்", "முடிவுரை" போன்ற தலைப்புகள் எதையும் சொல்வதில்லை. "அழித்த படத்தை மீட்க முடியுமா?" என்பது சொல்லும்.

தமிழில் எழுதுகிறவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் வாக்கியத்தில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். இடையில் "என்பதால்", "இருந்தபோதிலும்" என்று அடுக்கிக்கொண்டே போனால், என்ன நடந்தது என்று தெரிவதற்குள் வாசகர் களைத்துவிடுவார். நீண்ட வாக்கியத்தை இரண்டாக, மூன்றாக உடையுங்கள். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே ஒரு முற்றுப்புள்ளி வேண்டும்.

தேடுபொறிக்காக ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிக்கச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால் கேட்காதீர்கள். அப்படித் திணிப்பதைக் கூகுளே விதிமீறலாகத்தான் கருதுகிறது. படிக்கிறவருக்கோ எரிச்சல்தான் மிஞ்சும். அந்தச் சொல் தலைப்பிலும் தொடக்கத்திலும் இயல்பாக வந்தால் போதும்.

எவ்வளவு நீளம் எழுத வேண்டும் என்றும் பலர் கேட்கிறார்கள். கேள்விக்குப் பதில் முடிகிற வரை, அவ்வளவுதான்.

எழுதி முடித்ததும் உடனே வெளியிடாதீர்கள். ஓர் இரவு போகட்டும். மறுநாள் முதல் பத்தியை மூடிக்கொண்டு இரண்டாவதிலிருந்து படியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் முதல் பத்தியை நீக்கிவிடலாம். அப்புறம், அந்தச் சிக்கல் உண்மையிலேயே உள்ள ஒருவரிடம் கட்டுரையைக் கொடுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்க வேண்டாம், மரியாதைக்காக ஆமாம் என்பார். கட்டுரையைப் பார்த்தே அவர் அந்த வேலையைச் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் பேசாமல் இருங்கள். எந்த இடத்தில் உங்களை நிமிர்ந்து பார்த்துக் கேட்கிறாரோ, அந்தப் பத்தியைத் திருத்தி எழுதுங்கள்.